குடிநீரில் பிளாஸ்டிக் வேதிப்பொருள்கள்: மாதிரி எடுக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குடிநீர்ப் பரிசோதனை என்றாலே ஃபுளோரைடுதான் நினைவுக்கு வரும்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஆனால் பி.வி.சி.யை நெகிழவைக்கும் தாலேட்டுகளும், எபாக்சி எனும் பிசின் பூச்சிலிருந்து கசியக்கூடிய பிஸ்பீனால்-ஏ-யும் வழக்கமான பரிசோதனையில் தெரிவதில்லை. ஆகவே அவற்றை ஜிசி-எம்எஸ், எல்சி-எம்எஸ் (கலவையிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அடையாளம் காண்பவை) கருவிகளில் அளக்கும், ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பாதி வேலை பாட்டிலில்தான் இருக்கிறது. கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துச் சென்றால், அதிலிருந்து கசிந்ததையும் சேர்த்தே அளக்க நேரிடும் என்பதால், டெஃப்லான் உட்பூச்சு மூடியுள்ள பழுப்புநிறக் கண்ணாடிப் பாட்டிலையும், குளோரினை நீக்கும் உப்பையும் ஆய்வகத்திடமே கேட்டு வாங்குவது நல்லது. வினைல் கையுறை வேண்டாம்; அதுவும் பி.வி.சி.தான். குழாய்முனையில் செருகியிருக்கும் ரப்பர், பிளாஸ்டிக் குழாய்த்துண்டைக் கழற்றிவிட வேண்டும் (நம் தெருக்குழாய்களில் இது இல்லாத இடம் குறைவு). இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரில் ஒன்றும், சில நிமிடம் ஓடவிட்டபின் ஒன்றும் பிடிக்க வேண்டும்; முன்னதில் மட்டும் அளவு கூடினால் உள்ளூர்க் குழாயையோ இணைப்பையோ ஐயுறலாம். ஆய்வகம் தரும் தூயநீரை அதே இடத்தில் மற்றொரு பாட்டிலில் ஊற்றி மூடினால், கையாளும்போது சேரும் மாசும் பிடிபடும்.

பாட்டில்களைப் பனிக்கட்டியுடன் வெயில் படாமல் உடனே அனுப்ப வேண்டும். டிஇஎச்பி எனும் தாலேட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 8 மைக்ரோகிராம். ஆய்வகக் கருவி அதற்குக் கீழும் அளக்கவல்லதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.