ராத்திரி பாட்டிலை நிறுத்தும்போது வீட்டில் நடக்கும் தவறுகள்

ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஏன் இன்னும் ராத்திரியில் பாட்டில் என்று கேட்டால், "அது குடிச்சாத்தான் தூங்குது" என்பார்கள். "பசிக்குதுன்னு கேக்குது" என்று சொல்பவர்கள் குறைவு. ஒரு வயதைத் தாண்டி, பகலில் சோறு, இட்லி, பருப்பு எல்லாம் சாப்பிட்டு, எடையும் சரியாக ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் படுக்கையில் குடிக்கும் அந்தப் பால் உணவாகத் தேவையில்லை. தூங்குவதற்கு அதற்குத் தெரிந்த ஒரே வழி அதுதான், அவ்வளவே. சாப்பாட்டு விஷயம் என்று நினைத்துக்கொண்டு நிறுத்தப் பார்ப்பதால்தான் பல வீடுகளில் மூன்றாம் நாளே பாட்டில் மறுபடி அடுப்படிக்கு வந்துவிடுகிறது.

ஆறு மாதத்திலேயே கப்பைப் பழக்க ஆரம்பித்து, ஒன்றரை வயதுக்குள் பாட்டிலை முழுக்க நிறுத்திவிட வேண்டும் என்பது பொதுவான மருத்துவ ஆலோசனை. நம் ஊர்க் குழந்தை டாக்டர்கள் பலர் இன்னும் கறார். பாட்டிலே வாங்காதீர்கள், சங்கிலோ ஸ்பூனிலோ கொடுங்கள் என்பார்கள். இந்தியாவில் பால் பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதையே 1992-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அப்படியும் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கையில் ஒரு பாட்டில் செட் இருக்கும்!

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும்"

தள்ளிப்போடுவதற்குச் சொல்லும் காரணங்களில் இதுதான் அதிகச் சேதம் செய்வது. பாலிலும் சர்க்கரை உண்டு, லாக்டோஸ். விழித்திருக்கும்போது குடித்தால் எச்சில் அதை ஓரளவு கழுவிவிடும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். நிப்பிளை வாயில் வைத்தபடியே கண்ணயரும் குழந்தையின் மேல் முன்பற்களைச் சுற்றிப் பால் தேங்கி நிற்கும், கிருமிகள் அதை அமிலமாக்கும். கீழ்ப் பற்களை நாக்கு மூடிக்கொண்டிருப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். அதனால்தான் கீழே எல்லாம் பளிச்சென்று இருக்க, மேலே மட்டும் நான்கு பற்கள் கரைந்துபோன பிள்ளைகளைப் பார்க்கிறோம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் குழந்தையை மடியில் படுக்கவைத்து மேல் உதட்டை மெல்லத் தூக்குங்கள். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டதுபோல மங்கிய வெள்ளை தெரிகிறதா? அதுதான் ஆரம்பம். அந்தக் கட்டத்தில் பாட்டிலை நிறுத்தி, ஃபுளோரைடு பேஸ்ட்டும் பல் டாக்டரின் கவனிப்பும் இருந்தால் அதை அங்கேயே நிறுத்திவிட முடியும். அந்தக் கோடு பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் தானாகச் சரியாகாது. இரண்டு வயதுப் பிள்ளை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து உட்காராது. பல பற்கள் போயிருந்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். முன்பக்கப் பால் பற்கள் விழ ஆறேழு வயதாகும், கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரைகூட இருக்கும். அத்தனை வருடம் வலியோடு மெல்ல வேண்டியது குழந்தைதான்.

காது சமாச்சாரமும் உண்டு. மல்லாந்து படுத்துப் பாட்டில் குடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. தூளியில் போட்டு, துணியை மடித்துப் பாட்டிலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகும் பழக்கம் இருந்தால், அதை இன்றே விட்டுவிடுங்கள். மற்றதை மெதுவாகச் செய்யலாம், இது புரையேறும் ஆபத்து.

"பாலாவது குடிக்கட்டும், சோறுதான் எறங்க மாட்டேங்குதே"

பெரும்பாலும் நடப்பது இதன் தலைகீழ். பால் வயிற்றை அடைத்துக்கொள்வதால்தான் சோறு இறங்குவதில்லை. ராத்திரி எட்டரைக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குப் பாட்டில் என்றால், நான்கு வாய்க்கு மேல் அழிச்சாட்டியம் செய்தாலும் பின்னால் பாட்டில் வரும் என்று பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

இதில் ரத்தசோகையும் ஒளிந்திருக்கிறது. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. போதாததற்கு, அதிலுள்ள கால்சியம் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடம்பு எடுக்கவிடாமல் மட்டுப்படுத்தும். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57 சதவீதம். எல்லாவற்றுக்கும் பாட்டில்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பால் குடித்துவிட்டுப் பருப்பையும் கீரையையும் முட்டையையும் தள்ளிவிடும் பிள்ளை இந்தக் கணக்கில் சேர வாய்ப்பு அதிகம். மலச்சிக்கலும் கூடவே வரும்.

ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு 400-500 மில்லி பால் போதும். கால்சியம் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளைக்குச் சுமார் 500 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 மில்லி பசும்பாலிலேயே கிட்டத்தட்ட 120 இருக்கிறது. பகலில் இரண்டு டம்ளர் பால், மத்தியானம் தயிர் சாதம், அவ்வப்போது கேழ்வரகு என்றால் கணக்கு நேராகிவிடும்.

பாட்டிலை நிறுத்த நினைக்கும் வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது சாப்பாட்டு நேரம் என்பது என் கட்சி. ராத்திரிச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்குக் கொண்டுவாருங்கள். பாலை ஹாலில், விளக்கு எரியும்போது, உட்கார்ந்தபடி டம்ளரில் கொடுங்கள். பிறகு அரிசியளவு பேஸ்ட்டில் பல் தேய்த்துவிட்டுப் படுக்கைக்குப் போகலாம். அதற்கப்புறம் கேட்டால் தண்ணீர் மட்டும். பால் குடிக்கும் இடத்துக்கும் தூங்கும் இடத்துக்கும் நடுவே இந்த அரைமணி இடைவெளி விழுந்தாலே பாதி முடிந்தமாதிரி.

நிறுத்தும் விதத்தில் வரும் கோளாறு

எடுத்த எடுப்பில் ராத்திரிப் பாட்டிலில் கை வைப்பது. அது கடைசியில் வர வேண்டியது. பகல் பாட்டில்கள் முதலில் போகட்டும். டம்ளரில் குடிக்கவே தெரியாத பிள்ளையிடம், தூக்கக் கலக்கத்தில் டம்ளரை நீட்டினால் தட்டித்தான் விடும். பகலில் விளையாட்டுப்போல, கொஞ்சமே கொஞ்சம் பால் ஊற்றிய சின்ன டம்ளர். சட்டையில் கொட்டினால் கொட்டட்டும்.

பகல் பாட்டில்கள் போனபின் ராத்திரிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அளவைக் குறைப்பது. 180 மில்லி குடிக்கும் பிள்ளைக்கு மூன்று நாள் 150, அடுத்த மூன்று நாள் 120 என்று இறக்கி, 60-க்கு வந்ததும் நிறுத்திவிடலாம். அளவை அப்படியே வைத்து, பாலில் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கடைசியில் வெறும் தண்ணீராக்குவதும் இதே வழிதான். வெறும் தண்ணீருக்காக நடுராத்திரியில் எழுந்து அழுவதில் பல பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விடும். ஆனால் இது ஒரு வயது தாண்டி, மற்ற உணவு நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கு மட்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் பால்பவுடரில் அளவுக்கு மீறித் தண்ணீர் கலப்பது ஆபத்து.

இன்னொன்று, ஒரே நாளில் நிறுத்துவது. சில நாள் அழுகை பலமாக இருக்கும், பிறகு அடங்கும். பிடிவாதக்காரப் பிள்ளைக்கு இதுவே சுலபம் என்று தோன்றுகிறது. பாட்டில் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு ராத்திரியும் பேரம் பேசும். எந்த வழியானாலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் குறைத்து, மூன்றாம் நாள் அழுகை தாங்காமல் முழுப் பாட்டில் கொடுத்து, நான்காம் நாள் ஒரேயடியாக நிறுத்தினால், பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: இன்னும் கொஞ்ச நேரம் அழுதால் கிடைக்கும்.

பாட்டிலுக்குள் போகும் பொருளை மாற்றிப் பார்ப்பதும் நடக்கிறது. பாலுக்குப் பதில் ஜூஸ், பனங்கற்கண்டுத் தண்ணீர், மால்ட் பவுடர் கலந்த பால். பல்லுக்கு இவை பாலைவிட மோசம். "வயிறு நெறஞ்சா எந்திரிக்காது" என்று கேழ்வரகுக் கஞ்சியைப் பாட்டிலில் ஊற்றி, ஊசியைச் சூடாக்கி நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். புரையேறும் ஆபத்து இதிலும் உண்டு. கேழ்வரகு நல்லதுதான், அதைக் கிண்ணத்தில் வைத்து ஸ்பூனால் ஊட்டுங்கள்.

மூடி போட்ட, கவிழ்த்தாலும் சிந்தாத கப் கடைகளில் விதவிதமாக இருக்கிறது. அதைப் படுக்கையில் கொடுத்தால் பாட்டிலுக்கு வேறு சட்டை போட்டுவிட்ட கதை. அதையும் உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும், அதையும் வாயில் வைத்தபடி தூங்கலாம். பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் திறந்த டம்ளரே மேல்.

நிப்பிளில் வேப்பெண்ணெய் தடவுவது, "பூனை தூக்கிட்டுப் போயிடுச்சு" என்பது, "பூச்சாண்டி வருவான்" என்பது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ளவை. சில பிள்ளைகள் அதோடு விட்டுவிடவும் செய்யும். ஆனால் தூங்கப் போகும் நேரத்தில் பயத்தை ஊட்டிவிட்டு, "நிம்மதியாத் தூங்கு" என்றால் எப்படி? உண்மையைச் சொன்னாலே இந்த வயதுக்குப் பாதி புரியும்: "இனிமே பால் டம்ளர்ல. தூங்கும்போது பாட்டில் கெடையாது. அம்மா பக்கத்துலயே இருக்கேன்." ராத்திரி எத்தனை முறை கேட்டாலும் அதே வார்த்தைகள், அதே குரல்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு கையில் போனைக் கொடுப்பது இப்போது பெருகிவரும் தவறு. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. தூங்கும் நேரத்துத் திரை தூக்கத்தையே தள்ளிப்போடும்.

அப்போது எதைக் கொடுப்பது? குழந்தைகள் ராத்திரியில் பலமுறை லேசாக விழிக்கும், பெரியவர்களும் அப்படித்தான். எதை வைத்துக்கொண்டு தூங்கியதோ, விழிக்கும்போது அதைத் தேடும். அந்த இடத்துக்கு வேறொன்று வேண்டும். தட்டிக்கொடுப்பது, தாலாட்டு, தினமும் அதே கதை, பாட்டியின் பழைய புடவைத் துணி, தூளி. "தூளியும் ஒரு பழக்கம்தானே, நாளைக்கு அதையும் நிறுத்தணுமே" என்பார்கள். நிறுத்திக்கொள்ளலாம். தூளி பல்லைச் சொத்தையாக்குவதில்லை.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இதை அப்படியே பொருத்தாதீர்கள். இரண்டு வயது வரை, அதற்கு மேலும்கூடத் தாய்ப்பால் தொடரலாம். பல் முளைத்தபின் ராத்திரி முழுக்கக் குடித்துக்கொண்டே தூங்கும் பிள்ளையானால் பல் சுத்தத்தில் கவனம் கூட வேண்டும்.

வீட்டில் ஒரே பேச்சு

அம்மா நிறுத்துவார், அப்பா ஒளித்துவைப்பார், பதினோரு மணிக்குப் பாட்டி மனசு கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். "புள்ள ஏங்கிப்போயிடும்" என்ற சொல்லுக்கு எதிராக நிற்பது மருமகளுக்குக் கஷ்டம்தான். சண்டை போட்டுப் பயனில்லை. மேல் உதட்டைத் தூக்கி அந்த வெள்ளைக் கோட்டைப் பாட்டியிடமே காட்டுங்கள், அல்லது அடுத்த தடுப்பூசிக்கு அவரையே கூட அழைத்துப்போய் டாக்டர் வாயால் கேட்கவிடுங்கள். தாலாட்டும் கதையும் பாட்டியின் பொறுப்பு என்று ஒப்படைத்துவிட்டால், பாட்டிலின் இடத்தை அவரே பிடித்துக்கொள்வார். பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும் மத்தியானத் தூக்கத்துக்கு இதே விதி என்று சொல்லிவையுங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். தம்பியோ தங்கையோ பிறந்த மாதம், வீடு மாறும் வாரம், ப்ளே ஸ்கூல் சேர்க்கும் நாட்கள், காய்ச்சல், ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்கும்போது இதை ஆரம்பிக்க வேண்டாம். நிறுத்திய பிறகு காய்ச்சல் வந்தால் தண்ணீர், கஞ்சி, பால் எதுவானாலும் டம்ளரிலோ ஸ்பூனிலோ எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம், பாட்டிலை மட்டும் திரும்ப எடுக்காதீர்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை ஏறாத குழந்தை, விழுங்கச் சிரமப்படும் குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்காதீர்கள். ராத்திரிப் பாலின் கலோரி அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்படலாம். அப்படியானால் அதை எப்போது, எதில் கொடுப்பது என்பதை அவர் சொல்வார்.