முதல் கார், புது லைசென்ஸ்: ஏமாறாமல், அதிகம் கொடுக்காமல் இன்சூரன்ஸ் போடுவது எப்படி?

இருபது, இருபத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்துவிட்டு, ஐந்தாறு வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்களுக்காக எழுதியது இது. புதுக் கார் வாங்குகிறவர்களுக்கும் பாதி பொருந்தும். ஆர்டிஓ ஆபீஸ் வேலையெல்லாம் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். "சின்ன வயசுப் பையன் பேரில் போட்டால் பிரீமியம் எகிறிவிடும்" என்று வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அது உண்மை. இந்தியாவில் பிரீமியத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது வண்டிதான்: இன்ஜின் சிசி, வயது, மதிப்பு, பதிவான ஊர். வயதைக் கணக்கில் எடுக்கும் கம்பெனிகள் இருக்கலாம், ஆனால் அது சட்டப்படி கட்டாயமான பாகத்தைத் தொடவே முடியாது. வயதைக் காட்டி "ஸ்பெஷல் ரேட்" பேசும் ஏஜெண்டிடம் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

படி 1: பிரீமியத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்

கோட்டேஷனில் தேர்ட் பார்ட்டி, ஓன் டேமேஜ் என்று இரண்டு வரிகள் இருக்கும். ஓன் டேமேஜ் என்பது உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கு, தேர்ட் பார்ட்டி என்பது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு. இரண்டும் சேர்ந்ததுதான் ஃபுல் இன்சூரன்ஸ். தேர்ட் பார்ட்டியின் விலையைக் கம்பெனி வைப்பதில்லை, மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அறிவிப்பின்படி, சொந்த உபயோக காருக்கு ஒரு வருடத்துக்கு:

1000 சிசி வரை 2,094 ரூபாய்.
1000-க்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய்.
1500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய்.

இதோடு 18% ஜிஎஸ்டி. 1197 சிசி ஹேட்ச்பேக் என்றால் 3,416 + 615 = 4,031 ரூபாய். அரசு இந்தத் தொகையை அவ்வப்போது மாற்றும், அதனால் போடும் நாளில் நடப்பில் உள்ள அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனியில் போட்டாலும் தேர்ட் பார்ட்டிக்கு ஒரே தொகைதான். யாராவது அந்த 1197 சிசி வண்டிக்கு "தேர்ட் பார்ட்டி 1,800-க்குப் போட்டுத் தர்றேன்" என்றால் அது தள்ளுபடி இல்லை, போலி.

போலியில் அதிகம் புழங்கும் வகை ஒன்று உண்டு. கார் நம்பரைப் போட்டு, வண்டி வகையை டூவீலர் என்று காட்டி மலிவாக ஒரு பாலிசி எடுப்பார்கள். பிறகு பிடிஎஃப்பில் அந்த வரியை மட்டும் கார் என்று திருத்தி உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பாலிசி நம்பர் உண்மையானதாகவே இருக்கும். அதனால் நம்பர் சரியா என்று மட்டும் பார்த்தால் போதாது.

பேரம் பேச இடம் இருப்பது ஓன் டேமேஜ் பாகத்தில்தான். இதைக் கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன. ஒரே காருக்கு இரண்டு கம்பெனிக்கு நடுவில் நல்ல வித்தியாசம் இருக்கும்.

படி 2: யார் பெயரில் கார்?

வீட்டில் அப்பாவோ அம்மாவோ சமீபத்தில் பழைய காரை விற்றிருந்தால் இங்கே ஒரு நியாயமான சேமிப்பு இருக்கிறது. க்ளெய்ம் எடுக்காமல் ஓட்டிய வருடங்களுக்குக் கிடைக்கும் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது என்சிபி, வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். வண்டியை விற்றபோது கம்பெனியிடம் என்சிபி சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால் மூன்று வருடம் வரை செல்லும். அந்த அப்பா பெயரில் கார் வாங்கினால் ஓன் டேமேஜில் அந்தத் தள்ளுபடி கிடைக்கும். வழக்கமான பாலிசியில், செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் கவர் உண்டு, மகன் மகள் ஓட்டலாம்.

இதில் ஒரு ஓட்டை. 15 லட்ச ரூபாய் கட்டாய விபத்துக் காப்பீடு ஆர்சியில் பெயர் உள்ள ஓனருக்கு மட்டும்தான். ஓட்டுகிற பிள்ளைக்கு அதில் ஒரு பைசா வராது. ஆகவே ஓட்டுகிறவர் பெயரில் தனியாக ஒரு பெர்சனல் ஆக்சிடெண்ட் பாலிசி எடுங்கள். காரின் மொத்தச் செலவில் அது சிறிய தொகை. தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

லைசென்ஸில் எல்எம்வி, அதாவது கார் ஓட்டும் அனுமதி, இருக்கிறதா என்றும் பாருங்கள். பைக் லைசென்ஸை வைத்துக் காரை ஓட்டி இடித்தால் ஓன் டேமேஜ் க்ளெய்ம் நிற்காது. எல்எல்ஆர் வைத்திருப்பவர் ஓட்டலாம், ஆனால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், முன்னும் பின்னும் எல் போர்டு வேண்டும்.

படி 3: பழைய ஓனரின் பாலிசியை என்ன செய்வது?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் மொத்தமாகச் சறுக்கும் இடம் இது. அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

விற்கிறவர், "ஃபுல் இன்சூரன்ஸ் இன்னும் ஆறு மாசம் இருக்கு சார்" என்பார். உண்மையாகவே இருக்கும். ஆனால் கார் கைமாறியதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவுப்படி தானாக உங்களிடம் வருவது தேர்ட் பார்ட்டி பாகம் மட்டுமே. ஓன் டேமேஜ் தானாக வராது. உச்ச நீதிமன்றம் எப்போதோ இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆர்சி உங்கள் பெயரில், பாலிசி பழைய ஓனர் பெயரில் என்று இருக்கும்போது கார் இடிபட்டால், காரை விற்றுவிட்ட அவரும் இழப்பீடு கேட்க முடியாது, பாலிசியில் பெயரில்லாத உங்களுக்கும் கிடைக்காது.

கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கையெழுத்தான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 (ஓனர் மாற்றத்துக்கான ஆர்டிஓ படிவங்கள்) நகல்கள், ஆர்டிஓ ரசீது, பழைய பாலிசி, புதுப் புரபோசல் ஃபார்ம், கேஒய்சி. புது ஆர்சி வந்ததும் அதையும் அனுப்புங்கள். "புது ஆர்சி வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று காத்திருக்க வேண்டாம், அது வர நாளாகும். விண்ணப்பத்தை மெயிலில் அனுப்பி, தேதியோடு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது கம்பெனி கொஞ்சம் பணம் கேட்கும். பலர் இதை ஏதோ கமிஷன் என்று நினைத்துச் சண்டை போடுகிறார்கள். கணக்கு இதுதான்: ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000, பழைய ஓனருக்கு 50% என்சிபி என்றால் அவர் கட்டியது 4,000. அந்த 50% அவருடையது, உங்களுக்கு வராது. பாலிசியில் ஆறு மாதம் மீதி இருந்தால் அந்த ஆறு மாதத்துக்கான என்சிபி 2,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்த்து 2,360. அதோடு பெயர் மாற்றத்துக்கு ஒரு சிறு கட்டணம். காருக்கு விலை பேசும்போதே இந்தத் தொகையைக் கழித்துப் பேசுங்கள்.

மூன்று வருடத்துக்கு உட்பட்ட கார் என்றால் கூடுதல் கவனம். புதுக் காருக்குத் தேர்ட் பார்ட்டி மூன்று வருடத்துக்கு ஒன்றாகப் போடுவார்கள், ஓன் டேமேஜ் வருடா வருடம். இரண்டும் வேறு வேறு கம்பெனியில் இருக்கலாம். அப்படியானால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

பாலிசி முடியும் தறுவாயில் இருந்தால் ஆன்லைனில் புதிதாகப் போடுவீர்கள். வண்டி நம்பரைத் தட்டியதும் பழைய பாலிசி விவரத்தை இணையதளமே இழுத்துவந்துவிடும். முந்தைய என்சிபி 45% என்பதும் சேர்ந்து வந்து நிற்கும், அடுத்த வருடக் கணக்கில் 50% கழித்து விலை அழகாகத் தெரியும். அதை அப்படியே விட்டுப் பணம் கட்டாதீர்கள். "ஓனர் மாறிவிட்டாரா?" என்ற கேள்வி எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். ஆம் என்று குறித்து, என்சிபி பூஜ்யம் ஆனதைப் பார்த்த பிறகு மேலே போங்கள். உங்களுக்கு உரிமையில்லாத என்சிபியை அனுபவித்தால், க்ளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ கம்பெனிக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்தது போல.

பாலிசி ஏற்கெனவே காலாவதி என்றால் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்துதான் ஃபுல் இன்சூரன்ஸ் தருவார்கள். பிடிபட்டால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000 அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. அபராதத்தை விடுங்கள், ஆள் மேல் ஏற்றிவிட்டால் தீர்ப்பாயம் சொல்லும் நஷ்டஈடு முழுக்க உங்கள் தலையில்.

படி 4: ஃபுல் இன்சூரன்ஸா, தேர்ட் பார்ட்டி மட்டுமா?

பத்து வருடம் தாண்டிய, ஒன்றரை லட்சம்கூடப் பெறாத காருக்குப் பலர் தேர்ட் பார்ட்டி மட்டும் போடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த பாலிசியில் உங்கள் காரில் கூட உட்கார்ந்து வரும் நண்பர்கள் வரமாட்டார்கள். ஃபுல் இன்சூரன்ஸில் அவர்களும் அடக்கம். வாரக் கடைசியில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு, ஏலகிரி கிளம்புகிற வயது என்றால் டப்பா கார் ஆனாலும் ஃபுல் இன்சூரன்ஸ் போடுங்கள் என்பதே என் பரிந்துரை.

ஐடிவியை, அதாவது பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பை, குறைத்துப் பிரீமியத்தைக் குறைக்கும் வேலை வேண்டாம். கார் திருடு போனாலோ மொத்தமாக நொறுங்கினாலோ கையில் வருவது அந்தத் தொகைதான். ஐந்து வருடம் தாண்டிய காருக்கு ஐடிவி இருதரப்பும் பேசி முடிவு செய்வது. சந்தை விலையை ஒட்டி வையுங்கள்.

கோட்டேஷனில் இன்னொரு பொறி: அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கான வரம்பு. வழக்கமாக ஏழரை லட்சம். அதை 6,000 ரூபாய் என்று சுருக்கினால் நூறு ரூபாய் குறையும். நூறு ரூபாய்க்காக இதைச் செய்யும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். புது டிரைவர் ஒருவர் இன்னொரு காரின் கதவை இடித்தாலே 6,000 தாண்டிவிடும்.

டிடக்டபிள் என்பது ஒவ்வொரு க்ளெய்மிலும் நம் கையிலிருந்து போகும் தொகை. அதை நாமாகக் கூட்டிக்கொண்டு பிரீமியத்தைக் குறைக்கும் வாலண்டரி டிடக்டபிள் புது டிரைவருக்கு உதவாது. மிச்சமாகும் சில நூறு ரூபாய் ஒரே உரசலில் போய்விடும். ஆட்-ஆன்களில், அதாவது கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் கவர்களில், ஐந்து வருடத்துக்கு உட்பட்ட கார் என்றால் ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கவர், நம் ஊரில் சொல்லும் பம்பர் டு பம்பர்) முதல் இரண்டு வருடத்துக்குப் பணத்துக்குத் தகுந்தது. வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி தண்ணீர் நிற்கும் பகுதிகளில் இன்ஜின் புரொடெக்டும் சேருங்கள். மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் அது கிடைக்காது. மற்றதெல்லாம் அலங்காரம்.

படி 5: விலை ஒப்பிடுதல், பணம் கட்டுதல்

ஒப்பிடும் தளம் ஒன்றில் விலை பாருங்கள். உங்கள் மெயின் நம்பரைக் கொடுக்காதீர்கள், மாதக்கணக்கில் போன் அடிக்கும். பிறகு பிடித்த இரண்டு கம்பெனிகளின் சொந்த இணையதளத்தில் அதே ஐடிவி, அதே ஆட்-ஆன் வைத்து மறுபடி பாருங்கள். ஐடிவி வேறாக இருந்தால் அது ஒப்பீடே இல்லை. பழைய காருக்கு நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா போன்ற அரசு கம்பெனிகளின் கிளைக்கும் ஒரு நடை போய்க் கேளுங்கள்.

பணம் கம்பெனியின் கணக்குக்கோ, உரிமம் உள்ள புரோக்கரின் பேமெண்ட் பக்கத்துக்கோதான் போக வேண்டும். ஏஜெண்டின் சொந்த ஜிபே நம்பருக்குப் போடவே கூடாது. பாலிசி வந்ததும் நான்கைச் சரிபாருங்கள்:

கம்பெனியின் சொந்தத் தளத்தில் பாலிசி நம்பரைப் போட்டு அங்கிருந்தே பிரதியை இறக்குங்கள், வாட்ஸ்அப் பிரதியை நம்ப வேண்டாம்.
இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், சிசி, வண்டி வகை ஆகியவை ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.
கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வரும் விவரமும் காகிதத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.
எம்பரிவாகன் ஆப்பில் கம்பெனி பெயரும் முடியும் தேதியும் ஏறியிருக்க வேண்டும். இது ஏற சில நாள் ஆகலாம், முதல் நாளே பதற வேண்டாம்.

கேஸ் கிட் மாட்டியிருந்தால் அது ஆர்சியிலும் பாலிசியிலும் ஏறியிருக்க வேண்டும். சொந்த உபயோக பாலிசியை வைத்துக்கொண்டு காரை வாடகைக்கு விட்டால் க்ளெய்ம் கிடையாது.

பிற்சேர்க்கை: சின்ன டேமேஜுக்கு க்ளெய்ம் போடலாமா?

திரும்பத் திரும்ப வரும் கேள்வி என்பதால் கணக்காகவே தருகிறேன். ஜீரோ டெப் இல்லாத பாலிசி. ரிவர்ஸில் இடித்துப் பம்பர் உடைந்தது. புதுப் பம்பர் 5,000, பெயின்டிங் 3,200, மொத்தம் 8,200. பிளாஸ்டிக்குக்கு 50% தேய்மானம், 2,500 போச்சு. பெயின்டிங் பில்லில் கால்வாசியைப் பெயின்ட் செலவு என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 400 போச்சு. 1500 சிசி வரை கட்டாய டிடக்டபிள் 1,000. கையில் வருவது 4,300.

இப்போது என்சிபி. க்ளெய்ம் இல்லாவிட்டால் வரும் ஐந்து ரினியூவலில் 20, 25, 35, 45, 50. க்ளெய்ம் போட்டால் 0, 20, 25, 35, 45. வித்தியாசம் மொத்தம் 50%. ஓன் டேமேஜ் 8,000 என்றே வைத்தால் 4,000, ஜிஎஸ்டியோடு 4,720. வருடம் ஆக ஆகப் பிரீமியம் குறையும், அதனால் நிஜத்தில் இழப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆக, எட்டாயிரம் ரூபாய் பில்லில் க்ளெய்ம் போட்டாலும் போடாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்குக் கீழே என்றால் தெரிந்த டிங்கரிங் பட்டறையில் கைக்காசு கொடுத்து முடியுங்கள். பதினைந்தாயிரம் தாண்டினால் யோசிக்காமல் போடுங்கள், ஆனால் கம்பெனி அனுப்பும் சர்வேயர் சேதத்தைப் பார்க்கும் முன் பம்பரைக் கழற்ற விடாதீர்கள்.

க்ளெய்மைக் காரணமில்லாமல் இழுத்தடித்தால் முதலில் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். சரியான பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். அதற்கும் மேலே இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், அதாவது குறைதீர்ப்பாளர், இருக்கிறார், சென்னையில் அலுவலகம் உண்டு, வக்கீல் தேவையில்லை.