ஜப்பானில் இந்திய ஓட்டுநர் உரிமத்தை மாற்றிக்கொள்வது எப்படி?

இந்தியாவில் பெற்ற ஓட்டுநர் உரிமத்தை ஜப்பானிய உரிமமாக மாற்றிக்கொள்ளும் முறைக்கு இங்கே ‘கைமென் கிரிகாயே’ என்று பெயர். பிரிட்டன், ஜெர்மனி, தென்கொரியா முதலிய நாடுகளின் உரிமம் உள்ளவர்களுக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் கிடையாது. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லாததால், நாம் இரண்டிலும் தேறியாக வேண்டும். 2025 அக்டோபர் 1 அன்று விதிகள் வெகுவாகக் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளை நம்பி யாரும் போக வேண்டாம். நான் புதிய விதிகளின்படி மூன்றாவது முயற்சியில் தேறினேன்.

எப்போது தொடங்குவது

ஊரில் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிய பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, ஜப்பானுக்குள் நுழைந்த நாளிலிருந்து அதிகபட்சம் ஓராண்டுக்கே செல்லும். இங்கே குடியிருப்பவர் ஊருக்குப் போய் மூன்று மாதத்துக்குள் திரும்பிவிட்டால், அந்த ஓராண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்காது. இது தெரியாமல் விடுமுறைக்குப் போய்வந்து வண்டி எடுப்பவர்கள், சட்டத்தின் கண்ணில் உரிமமின்றி ஓட்டுபவர்களே. உரிம மையத்தில் முன்பதிவுக்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும் என்பதால், வந்த ஐந்தாறு மாதத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

ஆவணங்கள்

நடப்பில் உள்ள இந்திய உரிமம், ஜாஃப் எனப்படும் ஜப்பான் வாகன ஓட்டுநர் கூட்டமைப்பின் மொழிபெயர்ப்பு, பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, 3 செ.மீ. உயரமும் 2.4 செ.மீ. அகலமும் உள்ள புகைப்படம், நகராட்சியில் பெற்ற ‘ஜூமின்ஹ்யோ’ என்னும் வசிப்பிடச் சான்று ஆகியவை தேவை. ஜூமின்ஹ்யோவில் உங்கள் குடியுரிமை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ‘மை நம்பர்’ எனப்படும் தனிநபர் அடையாள எண் இடம்பெறக் கூடாது. நகராட்சி விண்ணப்பத்தில் இவை இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருப்பதால் நிதானமாகப் பார்த்து நிரப்புங்கள். ஜாஃப் மொழிபெயர்ப்புக்கு இணையத்தில் விண்ணப்பித்து, பக்கத்துக் கடையின் அச்சு இயந்திரத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். நேரில் போவதைவிட இதையே பரிந்துரைக்கிறேன்.

பலர் சறுக்குவது வேறோர் இடத்தில். உரிமம் வழங்கப்பட்ட நாளுக்குப் பிறகு, அதை வழங்கிய நாட்டில் மொத்தம் மூன்று மாதமாவது நீங்கள் இருந்ததை நிரூபிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள குடிநுழைவு முத்திரைகளே இதற்கு முதன்மைச் சான்று. எனவே காலாவதியான பழைய பாஸ்போர்ட்டுகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

பின்னர் சேர்த்தது: இந்தக் குறிப்பைப் படித்த ஒருவர், ஜப்பானுக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஊரில் உரிமத்தைப் புதுப்பித்ததாகவும், அட்டையில் புதிய தேதியே தெரிந்ததால் மூன்று மாதக் கணக்கு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டதாகவும் எழுதியிருந்தார். முதன்முதலில் உரிமம் வழங்கப்பட்ட தேதி உங்கள் அட்டையில் தெளிவாக இல்லையென்றால், இந்தியப் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்தின் வழியாக விண்ணப்பித்து, உரிம விவரச் சாற்றை ஆர்டிஓவிடமிருந்து முன்கூட்டியே பெற்றுவிடுங்கள். இங்கே வந்தபின் அதற்காக அலைவது மிகவும் கடினம்.

ஆவணங்களைச் சரிபார்க்கும்போது, ஊரில் எப்படி உரிமம் வாங்கினீர்கள் என்றும் விசாரிப்பார்கள். எல்எல்ஆர் எப்போது எடுத்தீர்கள், பயிற்சிப் பள்ளியில் எத்தனை நாள் பயின்றீர்கள், தேர்வில் எந்த வண்டியை ஓட்டினீர்கள் என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.

பார்வையும் எழுத்துத் தேர்வும்

பார்வைச் சோதனையில் இரு கண்களும் சேர்ந்து 0.7, ஒவ்வொரு கண்ணும் தனியே 0.3 இருக்க வேண்டும், கண்ணாடி அணிந்துகொள்ளலாம். எழுத்துத் தேர்வில் முன்பு பத்துக் கேள்விகளில் ஏழு சரியாக இருந்தால் போதும். இப்போது ஐம்பது கேள்விகளில் நாற்பத்தைந்து சரியாக இருக்க வேண்டும். சரியா தவறா என்று குறிப்பதுதான், ஆங்கிலத்திலும் எழுதலாம். ஊர்ப் பழக்கத்துக்கு மாறான விதிகளை முதலில் படியுங்கள். ரயில்வே கேட் திறந்தே இருந்தாலும், அங்கே பச்சை விளக்கு எரியாத வரை, தண்டவாளத்துக்கு முன் வண்டியை முழுவதும் நிறுத்திப் பார்த்த பிறகே கடக்க வேண்டும். சிக்னல் இல்லாத, பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக்கோட்டில் ஒருவர் கடக்கக் காத்திருந்தாலே நாம் நிறுத்தியாக வேண்டும். செயலிகளைவிட, ஜாஃப் வெளியிடும் ஆங்கில விதிநூலை இரண்டு முறை முழுமையாகப் படிப்பதே மேல் என்பது என் முடிவு.

ஓட்டுத் தேர்வு

நூறு மதிப்பெண்ணிலிருந்து ஒவ்வொரு பிழைக்கும் கழித்துக்கொண்டே வருவார்கள். எழுபதுக்குக் கீழே இறங்கினால் தோல்வி. இங்கும் சாலையின் இடப்பக்கமே ஓட்டுகிறோம், ஊரில் ஒன்பது ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன் என்ற துணிவில் முதல் முறை பயிற்சியின்றிப் போனேன். வண்டி எங்கும் இடிக்கவில்லை, எஞ்சின் அணையவில்லை, ஆனாலும் தேறவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே நடந்தது. அதன்பின் ஒரு பயிற்றுநரை அமர்த்தி இரண்டு மணி நேரம் ஓட்டியபோதுதான் காரணம் விளங்கியது. தேர்வாளர் நம் கைத்திறனைவிட நம் கண் எங்கே போகிறது என்பதையே கவனிக்கிறார். கண்ணை மட்டும் அசைத்தால் அது அவருக்குத் தெரியாது. தலையையே திருப்ப வேண்டும்.

இடப்பக்கம் திரும்புவதை எடுத்துக்கொள்வோம். முதலில் நடுக்கண்ணாடி, பிறகு இடக்கண்ணாடி, திருப்பத்துக்கு 30 மீட்டர் முன்பாகவே இண்டிகேட்டர். அதன்பின் இடத்தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வண்டியைச் சாலையின் இடது ஓரத்தை ஒட்டி நகர்த்த வேண்டும். திருப்பத்தில் ஸ்டியரிங்கை வளைக்கும் முன் மறுபடியும் அதே தோளுக்கு மேல் பார்க்க வேண்டும். ஓரத்தில் இடைவெளி விட்டால் அதற்குள் மிதிவண்டியோ ஸ்கூட்டரோ நுழைந்து வண்டிக்கு அடியில் சிக்கும் என்பதே இதன் காரணம். இந்தச் சரிபார்ப்பை ‘மக்கிகோமி’ என்கிறார்கள். நான் ஊர்ப் பழக்கத்தில் சற்று வலப்பக்கம் ஒதுங்கி அகலமாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வழக்கம்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் என் மதிப்பெண்ணைத் தின்றது. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இந்த வரிசையை நாள்தோறும் பழகினேன். கேட்பதற்கு எளிமையாக இருந்தாலும், உண்மையில் என்னைத் தேறவைத்தது இதுதான்.

‘தொமாரே’ (நில்) என்று எழுதிய சிவப்பு முக்கோணப் பலகை உள்ள இடத்தில், கோட்டுக்கு முன் சக்கரம் முழுவதும் நிற்க வேண்டும். ஊர்ந்து போனால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். செங்கோணமாக இருமுறை மடங்கும் கிராங்க் பாதையிலும் எஸ் வளைவிலும் நடைவேகத்தில் போங்கள். இடம் போதாது என்று தோன்றினால் நிறுத்தி ஒருமுறை பின்னால் எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். சக்கரம் விளிம்புக்கல்லில் ஏறிவிட்டால் உடனே நிறுத்திப் பின்வாங்க வேண்டும். ஏறியபடியே முன்னே போகக் கூடாது. புதிய விதிகளில் வெள்ளைக்கோட்டைக் கடக்கும் முறையும் மதிப்பிடப்படுகிறது.

தானியங்கி கியர் வண்டிக்கே விண்ணப்பியுங்கள். இங்குள்ள வாடகைக் கார்கள் பெரும்பாலும் அவைதான்; கியரில் போகும் கவனத்தைக் கண்ணாடிகளுக்குக் கொடுக்கலாம். பல மையங்களில் தேர்வுக்கு முன் தடத்தை நடந்து பார்க்க அனுமதிக்கிறார்கள். அந்த நேரத்தைக் கேட்டறிந்து, எங்கே இண்டிகேட்டர், எங்கே தோள்பார்வை என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தேறியபின் கட்டணம் செலுத்தி, புகைப்படம் எடுத்து, அட்டையைப் பெற்றுக்கொள்ளலாம். ஊரில் உரிமம் பெற்று ஓராண்டு ஆகாதவர்கள், புதிய ஓட்டுநர் என்று காட்டும், பச்சையும் மஞ்சளுமான ‘வகாபா’ ஒட்டியை வண்டியின் முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும். அட்டையைப் புதுப்பிக்கும் காலம், அது முடியும் ஆண்டில் உங்கள் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்து ஒரு மாதம் பின்பு வரை. அதற்கான அறிவிப்பு அஞ்சலட்டையாக வீட்டுக்கு வரும் என்பதால், வீடு மாறினால் உரிமத்திலும் முகவரியை உடனே மாற்றிவிடுங்கள்.