கூரை மழைநீரிலிருந்து ஒரு செயல்திட்டம்: வகுப்பாசிரியர்களுக்கான வழிமுறை

செயல்திட்டம் என்றதும் தெர்மோகோல் மாதிரிதான் நினைவுக்கு வருகிறது என்றால், அது பெரும்பாலும் பெற்றோர் இரவில் கண்விழித்துச் செய்யும் வேலையே தவிர, மாணவரின் கற்றல் அன்று. ஆகவே பொருளைச் செய்யச் சொல்லாமல், ஒரு கேள்வியைக் கொடுத்துத் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. 2015 வெள்ளத்தையும் 2019 தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் கண்ட சென்னையில், "நம் பள்ளிக் கூரையில் விழும் மழை எங்கே போகிறது?" என்பது எட்டாம் வகுப்புக்குப் பொருத்தமான கேள்வி.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும் என்பதை நீங்களே கரும்பலகையில் எழுதிவிடாமல், கண்ணாடிக் குவளையையும் அளவுகோலையும் கொடுத்து அவர்களே கண்டறியும்வரை பொறுத்திருங்கள். இந்தப் பொறுமைதான் நமக்குக் கடினம். பிறகு, 200 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் என்று கணக்கிட்டவர்கள், குழாய் அடைப்பாலும் வழிந்தோடுவதாலும் எவ்வளவு வீணாகிறது என்று தாமாகவே கேட்பார்கள். கூரையின் பரப்பைக் கட்டடத்தின் நீள அகலங்களைத் தரையிலிருந்தே அளந்து கணக்கிடலாம். மாணவர்களை மாடிக்கு ஏற்ற வேண்டாம்.

மதிப்பெண்ணில் பாதியை வாராந்திரக் குறிப்பேட்டுக்கு ஒதுக்குங்கள். முடிவுகளைத் தலைமையாசிரியரிடமும் பள்ளிக் கட்டடத்தைப் பராமரிப்பவரிடமும் மாணவர்களே எடுத்துரைக்கட்டும்.