பெரியப்பாவின் கட்டுரையும் நானும்

தமிழ் விக்கிப்பீடியாவில் பெரியப்பாவைப் பற்றி நானே கட்டுரை எழுதினேன். 'ஈடு இணையற்ற கவிஞர்' என்று தொடங்கியபோது கை கூசவில்லை. மறுநாள் கட்டுரையின் தலையில் விளம்பர வார்ப்புரு, அதாவது 'இது விளம்பரம்போல் இருக்கிறது' என்று எச்சரிக்கும் பெட்டி, தொங்கியது. நீக்கினேன், மீண்டும் வந்தது. மூன்றாம் முறை நீக்கப் போனபோதுதான், யார் யார் திருத்தினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்தேன். மொய் நோட்டில் ஒருவரே பக்கம் முழுவதும் எழுதியதுபோல், வரிசையாக என் பெயர்.

அதன்பின் கட்டுரையில் கை வைப்பதை நிறுத்தினேன். என் பயனர் பக்கத்திலும், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்திலும் உறவைச் சொன்னேன். (காசு வாங்கி எழுதினால் கொடுத்தவர் யார் என்று அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. எனக்குக் கிடைத்தது காபி மட்டுமே; அதனால் நலமுரண், அதாவது சொந்த உறவு நடுநிலையைக் கெடுக்கும் நிலை, இல்லையென்று ஆகிவிடாது.) 'இந்த வரியை இப்படி மாற்றலாம், சான்று இந்த இதழின் இந்தப் பக்கம்' என்று பேச்சுப் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். முன்பின் அறியாத ஒருவர் ஐந்தில் மூன்றை ஏற்றார். பெரியப்பா வாய்மொழியாகச் சொன்ன விருதுக்கு அச்சில் சான்றில்லை, போயிற்று. கூடவே, அவருடைய தொகுப்பைக் கடிந்த பழைய மதிப்புரை ஒன்றையும் தேடிப்பிடித்துச் சேர்த்துவிட்டார்.

வார்ப்புரு நீங்கியது. பெரியப்பா ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை.