பிள்ளையைக் கொன்ற பெற்றோர்: காரணத்தை வகை பிரிக்கும்போது சறுக்கும் இடங்கள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உளவியல், சமூகப்பணி படிக்கிறவர் புராஜெக்ட்டுக்காக, பெற்றோரே பிள்ளையைக் கொன்ற நாளிதழ் செய்திகளை வெட்டி ஒட்டுகிறார் என்று வையுங்கள். 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்? குடும்பத் தகராறு. இல்லையென்றால் கள்ளக்காதல்.

முதல் சறுக்கல் அதுதான். தகராறு என்பது கொலைக்கு முன்னால் நடந்த சம்பவம், நோக்கமல்ல. ஒரே மாதிரிச் சண்டைக்குப் பிறகு ஒருவர் மனைவியை வதைக்கவே பிள்ளையைக் கொல்லலாம். இன்னொருவர் சண்டைக் கோபத்தில் பிள்ளையை அடிக்க, உயிர் போய்விடலாம். தானும் சாகத் துணிந்த ஒரு தாய், "எனக்குப் பெறகு இவன யாரு பாப்பா?" என்று நினைத்திருக்கலாம். மூன்றும் மூன்று வகை. அமெரிக்க மனநல மருத்துவர் பிலிப் ரெஸ்னிக் 1969இல் போட்ட ஐந்து வகைகளில் இவை வாழ்க்கைத்துணையைப் பழிவாங்கல், துன்புறுத்தலில் நேர்ந்த சாவு, பிள்ளையின் நலன் என்று நம்பிச் செய்த கொலை. மீதி இரண்டு, வேண்டாத பிள்ளை, கடும் மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்) நிலை.

'நலன்' என்பது கொன்றவரின் நம்பிக்கைதான். அதில் நியாயம் எதுவும் இல்லை.

அடுத்தது, மனநோய் என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வகையில் போடுவது. புரிந்துகொள்ளக்கூடிய நோக்கம் எதுவும் தட்டுப்படாத வழக்குகளுக்குத்தான் ரெஸ்னிக் அதை வைத்தார். சாகத் துணிந்த அந்தத் தாய் கடும் மனச்சோர்வில் இருந்திருந்தால் நோயாளிதான், ஆனாலும் அவர் வருவது நலன் வகையில்.

பிறந்து 24 மணி நேரத்துக்குள் நடக்கும் கொலைகளை மற்றவற்றோடு கலக்காதீர்கள். 1970இல் ரெஸ்னிக்கே அவற்றைத் தனியாகப் பிரித்துவிட்டார். பெரும்பாலும் கர்ப்பத்தை மறைத்த, மணமாகாத இளம்பெண்கள். மனநோய் அதிகம் காணப்படுவதில்லை.

அப்புறம் சதவீதம். ரெஸ்னிக்கின் 131 வழக்குகளில் ஏறக்குறைய பாதி 'நலன்' வகை. அதை அப்படியே குமரி மாவட்டத்துக்குத் தூக்கி வரக்கூடாது. 1751 முதல் 1967 வரை மருத்துவ ஏடுகளில் வெளியானவற்றிலிருந்து திரட்டிய வழக்குகள் அவை; மனநல மருத்துவர் கண்ணில் படாதவை அதில் எப்படி வரும்? பிள்ளையைக் கொன்ற அல்லது கொல்ல முயன்ற வழக்கில் லண்டன் ஹாலோவே பெண்கள் சிறைக்கு வந்த 89 பேரைப் பற்றி மனநல மருத்துவர் டி'ஆர்பன் 1979இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளையை அடித்துக் கொன்றவர்களே பெரிய கூட்டம், 36 பேர். அவர் கணக்கில் அப்பாக்களே கிடையாது.