டென்டர்டன் பக்கம் திராட்சைத் தோட்டம் பார்க்க: முதல்முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் ஒயினா என்று இன்னும் சிலர் சிரிக்கிறார்கள். அவர்களைக் கென்ட் மாவட்டத்தின் டென்டர்டனுக்குத்தான் அனுப்ப வேண்டும். கம்பளி வியாபாரத்தில் வளர்ந்த பழைய சந்தை ஊர் அது. அகலமான கடைத்தெரு, வெள்ளைப் பலகை அடித்த வீடுகள், தங்க இடம், நல்ல சாப்பாடு எல்லாம் உண்டு. அங்கிருந்து ஆறேழு மைல் சுற்றுக்குள் மூன்று நல்ல திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. வார இறுதி ஒன்றுக்கு இது தாராளம்.

1. எந்த மாதம்?

ஏப்ரலில் கொடி துளிர்க்கும். மே வரைக்கும் உறைபனி பயம் இருக்கும். ஜூன் கடைசியில் பூக்கத் தொடங்கும். செப்டம்பர் பின்பாதியிலிருந்து அக்டோபர் வரை அறுவடை. எல்லோரும் அறுவடை பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள், ஆனால் அந்த நேரத்தில் தோட்டக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. என் ஓட்டு ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பர் தொடக்கத்துக்கும். கறுப்புத் திராட்சை நிறம் மாறிக்கொண்டிருக்கும், நின்று பேசவும் ஆள் இருப்பார்கள். குளிர்காலத்தில் போனால் கவாத்து செய்வதைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

2. எந்தத் தோட்டம்?

ஊருக்குத் தெற்கே மூன்று மைலுக்குள் இருப்பது சாப்பல் டவுன். இங்கே 1977-லேயே கொடி நட்டுவிட்டார்கள். இன்று நாட்டின் பெரிய ஒயின் நிறுவனங்களில் இதுவும் ஒன்று. வழிகாட்டியோடு தோட்டத்தையும் ஆலையையும் சுற்றிப் பார்க்க முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் சரி.

வடமேற்கே பிடென்டன். 1969-ல் தொடங்கிய குடும்பத் தோட்டம். ஓர்டேகா என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும் ஒயினுக்குப் பேர்போனது. ஆப்பிளில் செய்யும் சைடர் என்ற மதுவும் உண்டு. ஆப்பிள் ஜூஸ் கிடைப்பதால் குடிக்காதவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

தென்கிழக்கே ஆப்பிள்டோர் கிராமத்தருகே கஸ்போர்ன். 2004-ல் நட்ட தோட்டம், நுரைக்கும் ஒயினில் கவனம் வைத்தவர்கள். மூன்றில் இதுதான் கொஞ்சம் செலவு வைக்கும்.

ஒரு நாளைக்கு இரண்டு போதும். மூன்றாவதில் நாக்கு ஒத்துழைக்காது. எது எந்த ஒயின் என்றே தெரியாமல் போகும். காலையில் வழிகாட்டியோடு ஒரு தோட்டம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நிதானமாக இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. திரும்புவது எப்படி?

போவதைவிட இதை முதலில் முடிவு செய்யுங்கள். டென்டர்டனில் லண்டன் ரயில் நிற்காது. சேரிங் கிராஸிலிருந்து ஹெட்கார்ன் வரை சுமார் ஒரு மணி நேரம். அல்லது செயின்ட் பான்கிராஸிலிருந்து அதிவேக ரயிலில் ஆஷ்போர்டுக்கு நாற்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். இரண்டு இடத்திலிருந்தும் டென்டர்டனுக்குப் பஸ் உண்டு. ஞாயிறன்று பஸ்ஸை நம்பாமல் நேர அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

ஊரிலிருந்து தோட்டங்களுக்கு டாக்சிதான் வசதி. லண்டன் பழக்கத்தில் ஆப்பைத் திறந்தால் உடனே கார் வரும் என்று நினைக்காதீர்கள். உள்ளூர் டாக்சியைப் போகவும் வரவும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொந்தக் கார் என்றால் ஓட்டுகிறவர் அன்று ஆப்பிள் ஜூஸ்தான். வரம்புக்குள் ஒரு கிளாஸ் என்ற கணக்கெல்லாம் வேண்டாம்.

4. முன்பதிவு

தேதி முடிவானதும் முதலில் தோட்டச் சுற்றுக்கு இடம் பிடியுங்கள், அப்புறம் அறை. சனிக்கிழமை இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். குழந்தைகளோடு போனால் அந்தச் சுற்றில் அனுமதி உண்டா என்று கேளுங்கள். 18 வயதுக்குக் கீழே மது வாங்க முடியாது. சைவம் சாப்பிடுபவர்கள் இன்னொன்றும் கேட்கலாம். ஒயினைத் தெளிய வைக்கச் சில இடங்களில் மீனிலிருந்தோ முட்டை வெள்ளைக்கருவிலிருந்தோ எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். வீகன், அதாவது விலங்குப் பொருள் எதுவும் சேராதது, என்று போட்ட பாட்டிலில் அந்தக் கவலை இல்லை.

5. ஆலையிலும் மேஜையிலும்

நுரைக்கும் ஒயின் செய்யும் இடத்தில் நின்று பாருங்கள், மிச்சமெல்லாம் தானாகப் புரியும். முதலில் சாதாரண ஒயின் செய்து, பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். உள்ளேயே மறுபடி நொதிக்கும். வெளியேற வழியில்லாத வாயு ஒயினில் கரைந்துவிடும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், செத்த ஈஸ்ட்டோடு அப்படியே கிடக்கும். ரொட்டி வாசனை அதிலிருந்துதான் வருகிறது. பிறகு பாட்டிலைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தலைகீழாக்கி, கசடு கழுத்தில் சேர்ந்ததும் அதை உறைய வைத்துத் திறப்பார்கள். அழுத்தத்தில் கசடு தெறித்து வெளியே வந்துவிடும். ஷாம்பெய்னுக்கும் இதே முறைதான், பெரும்பாலும் ஷார்டனே, பினோ நுவார், பினோ முனியே என்ற அதே திராட்சைகள்தான்.

சுவைக்கும்போது வாயில் சுழற்றிவிட்டுத் துப்பலாம். அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பக்கஸ் என்ற வெள்ளை ஒயினை விட்டுவிடாதீர்கள். வெட்டிய புல் வாசனையும் துள்ளும் புளிப்பும் அதில் இருக்கும். வெறும் வயிற்றோடு மட்டும் உட்கார வேண்டாம்.

6. நேரம் மிச்சமிருந்தால்

சாப்பல் டவுனுக்குப் பக்கத்திலேயே ஸ்மால்ஹைத் பிளேஸ் இருக்கிறது. நடிகை எலன் டெர்ரி வாழ்ந்து 1928-ல் மறைந்த மரச்சட்ட வீடு. இன்று வயல் சூழ்ந்திருக்கும் இந்த இடத்தில் ஒரு காலத்தில் கப்பல் கட்டினார்கள். மறுநாள் டென்டர்டனிலிருந்து பழைய நீராவி ரயிலில் போடியம் போய், 1385-ல் கட்டத் தொடங்கிய அகழிக் கோட்டையைப் பார்க்கலாம். ரயில் எல்லா நாளும் ஓடாது.

பாட்டில் வாங்குபவர்களுக்கு ஒன்று: விமானத்தில் கைப்பையை நம்பாமல், பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர் மது கொண்டுவரலாம் என்பதால் 750 மில்லி பாட்டில் இரண்டு வரை பிரச்சினையில்லை.